பள்ளங்கி வீடும் ஸ்வீடன் பாஸ்போர்ட்டும்

போன மாதம் ஒரு நல்ல முகூர்த்த நாளில், கொடைக்கானல் பத்திர ஆபீசில் நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றிருந்தேன்.

கொடைக்கானலுக்கு யாராவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவார்களா? போனேன். 'முதல் முதலாக வீடு வாங்குகிறோம், பேண்ட் போட்டுக்கொண்டா கையெழுத்துப் போடுவீர்கள்?' என்பது என் மனைவி கமலாவின் கட்சி. பட்டு வேட்டி, அதற்கு மேல் மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய். பத்திரம் எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாருக்கு உடம்புக்கு ஏதும் முடியலீங்களா?" என்று விசாரித்தார்.

சட்டைப் பையில் ஒரு புதுப் பேனா. ஆயக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் காலடியில் வைத்து, சந்தனம் தடவி எடுத்து வந்தது. அந்தக் கோயிலில் பூக் கேட்பது எங்கள் குடும்ப வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, கடை வைப்பதோ... எதுவானாலும் எங்களுக்கு முதலில் பூ, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வீட்டுக்கு வெள்ளைப் பூ வந்தது. தும்பையாய் வெளுத்த நந்தியாவட்டை! கமலா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எந்த வீடு என்று சொல்லவில்லையே... கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில் கெர்டா மிஸ்ஸின் வீடு. தகரக் கூரை, உள்ளே குளிர்காய ஒரு கணப்பு, வாசலில் பேரி மரம், பின்னால் பீன்ஸ் கொடி. கமலா சின்ன வயதில் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவளுக்குப் பூகோளம் நடத்தியவர் கெர்டா மிஸ். இளவயதில் ஸ்வீடனிலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். ரிட்டயர் ஆனதும் கூட வந்தவர்கள் எல்லோரும் கப்பல் ஏற, இவர் மட்டும் பள்ளங்கியில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். துணைக்குச் சமையலறையில் ரோசம்மா.

அந்த மிஸ்தான் இந்த வருஷம் கமலாவிடம், "ஊருல தங்கச்சி வா வான்னு கூப்புட்டுக்கிட்டே கெடக்கா. வீட்ட வேத்தாளுக்குக் குடுக்க மனசில்ல. நீ எடுத்துக்கிறியா?" என்று கேட்டார்.

நான் எடுத்த எடுப்பில் தலையாட்டிவிடவில்லை. நான் யார்? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் உலக விவகாரம் சொல்கிறவன் அல்லவா? மூலப்பத்திரம் பார்த்தேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பட்டா, வரி ரசீது, நான்கெல்லை, வாய்க்கால் பாத்தியதை... ஒன்று விடவில்லை. பேரி மரத்தின் வேர் பக்கத்து நிலத்துக்குள் போகிறதா என்றுகூடக் கேட்டேன். பழனியில் என் நண்பர்களிடம், "வீடு வாங்குவதென்றால் இப்படித்தான் வாங்க வேண்டும்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். காபி வாங்கிக்கொடுத்துக் கேட்க வைத்தேன் என்பது வேறு விஷயம்.

பத்திர ஆபீசில் அதிகாரி எல்லாக் காகிதங்களையும் புரட்டினார். நான் புதுப் பேனாவின் மூடியைத் திறந்து தயாராக நின்றேன். அவர் நிமிர்ந்து, எதிரில் நூல் சேலையும் கம்பளிச் சால்வையுமாக உட்கார்ந்திருந்த கெர்டா மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா எந்த நாட்டுப் பிரஜை?"

"பள்ளங்கிங்க" என்றார் மிஸ். "வாய்க்காலைத் தாண்டி, பேரி மரத்து வீடு."

"அது விலாசம்மா. நான் கேக்குறது பாஸ்போர்ட்டு."

"அதுங்களா? ஸ்வீடன் பாஸ்போர்ட்டு. பீரோவுல கெடக்கு."

அதிகாரி பேனாவை மூடினார். நானும் மூடினேன். காரணம் தெரியவில்லை, ஆனால் மூட வேண்டிய நேரம் என்று மட்டும் தெரிந்தது.

"வெளிநாட்டுக்காரங்க இங்க இருக்குற வீடு நெலத்த வித்தா, ரிசர்வ் பேங்கு அனுமதி வேணும் சார். சட்டம் வந்து வருஷக்கணக்கா ஆச்சே. அனுமதி எங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் முந்திக்கொண்டு, "சாமி உத்தரவு கொடுத்துட்டாருங்க. வெள்ளைப் பூவே வந்துச்சு" என்றாள்.

அவர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "சாமி கொடுத்தது சரிங்கம்மா. ரிசர்வ் பேங்கும் கொடுக்கணும்ல?" என்றார். பிறகு மிஸ் பக்கம் திரும்பி, "அந்தச் சட்டம் வந்தப்பவே, உங்க பேருல இன்ன சொத்து இருக்குன்னு எழுதித் தெரியப்படுத்தியிருக்கணுமேம்மா... செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"ரேடியோவுல சொன்னாங்க. கேட்டேன்" என்றார் மிஸ். "அது வெளிநாட்டுக்காரங்களுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அப்ப என் வீட்ட எடுத்துக்குவாங்களா?" என்றார் மெதுவாக.

"நான் அப்படிச் சொல்லலம்மா. ஆனா இது இப்படியே கெடந்தா பிரச்சினைதான். நல்ல வக்கீலாப் பாருங்க."

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு காகிதம் பார்த்தேனே, விற்கிறவரின் முகத்தைப் பார்த்தேனா? கண் நீலம், முடி வைக்கோல் நிறம். ரோட்டில் போகிற குதிரைக்காரர்கூட நொடியில் சொல்லிவிடுவார். எனக்கு மட்டும் தோன்றவே இல்லை. கமலாவுக்கும் தோன்றவில்லை, பள்ளங்கியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பூண்டு விலைக்குச் சண்டை போடுகிறார், என்னை 'மாப்பிள்ளை' என்கிறார், கமலாவுக்குப் பிரசவத்துக்குப் பிரசவம் காயப்பொடி இடித்துக் கொடுத்தனுப்பியவர்!

வெளியூரில் போய்க் கிராமத்து வீடு வாங்கினால் சட்டச் சிக்கல் வரும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். இங்கே கடல் கடந்து வந்து வீடு வாங்கியவர் மிஸ். இது தனக்கு வெளிநாடு என்பதுதான் அவருக்கு மறந்துபோய்விட்டது.

மறுநாளே கமலாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன். வக்கீல் முழுக் கதையையும் கேட்டார். பூப் பொட்டலம் வந்த இடத்தில் மட்டும் குனிந்து கோப்பில் எதையோ தேடினார். பிறகு சொன்னார்: "முதல் வேலை, தாமதத்துக்கு விளக்கம் எழுதி, சொத்து இருக்குங்கற அந்த அறிவிப்பைக் கொடுத்துடணும். இத்தனை காலம் ஊழியம் செஞ்சவங்க, விளக்கத்தை ஏத்துக்குவாங்கன்னுதான் தோணுது. அப்புறம் ரெண்டு வழி. விக்கிறதுன்னா அனுமதி கேட்டுக் காத்திருக்கணும். இங்கேயே இருக்கறதுன்னா இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போடலாம். ஆனா சொந்த நாட்டுக் குடியுரிமைய விடணும்."

பஸ்ஸில் மலையேறும்போது நான் ஒரு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதல் வழியை விஸ்தாரமாகச் சொல்வது... இரண்டாவதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவது. எனக்கு வீடு வேண்டுமே! அந்தக் கணப்பின் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக்கு எழுதுவதாக ஏற்கெனவே எத்தனை கனவு கண்டாயிற்று.

பள்ளங்கியில் மிஸ் கணப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. அந்த ஆபீசுக்குப் போய் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று ரோசம்மா வாசலிலேயே என்னிடம் முறையிட்டுவிட்டாள். நான் கனைத்துக்கொண்டு, அனுமதி, காத்திருப்பு என்று முதல் வழியை நீட்டி முழக்கினேன். இரண்டாவதை வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"என்ன மாப்பிள்ளை, கடைசியில முழுங்குறீங்க?" என்றார் மிஸ்.

"ஒண்ணுமில்லீங்க... அது வந்து... அது உங்களுக்குச் சரிப்படாது..."

"ஏங்க, சொல்றத வெரசாச் சொல்லுங்க" என்றாள் கமலா. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "மிஸ், நீங்க இந்த நாட்டுக்காரங்களா ஆயிட்டா வீட்டை விட்டுப் போகவேண்டாம். ஆனா ஸ்வீடனை விட்டுடணுமாம்."

மிஸ் ஜன்னல் வழியாகப் பேரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளூர ஒரு நப்பாசை. சொந்த நாட்டை யாராவது விடுவார்களா?

சமையலறையிலிருந்து ரோசம்மாவின் குரல் வந்தது. "போறதுன்னா வெள்ளனே கெளம்பிப் போகச் சொல்லுங்க. போறேன் போறேன்னு ஆறு மாசமாச் சொல்லியே என் உசுர எடுக்குறாங்க. அங்க போயி யாரு ரசத்துக்குக் கொறை சொல்லப்போறாங்களாம்?" சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மிஸ் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி எழுதறா... அங்க செத்தா உன்னைப் பொதைக்க யாரு இருக்கான்னு. நானும் பயந்துதான் கெளம்புனேன் மாப்பிள்ளை. ஆனா அன்னைக்கி ஆபீசுல, அந்தாளு வெளிநாட்டுக்காரின்னதும் நெஞ்சுல அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. வீடு போயிருமோன்னு ராத்திரியெல்லாம் பயந்தேன். அப்பதான் தெரிஞ்சுது, இந்த வீட்ட என்னால விட்டுட்டுப் போக முடியாதுன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "ஸ்வீடன நான் எப்பவோ விட்டாச்சு. காகிதத்துல மட்டும்தான் பாக்கி."

நான் குரங்குக் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வீடு போன துக்கமா, வேறு ஏதாவதா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கமலா எழுந்துபோய் மிஸ்ஸின் தோளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரமே அறிவிப்பும் விளக்கமும் போய்ச் சேர்ந்தன. குடியுரிமைக்கும் மனுத் தயாரானது.

அதில் எனக்கும் ஒரு வேலை வந்தது. மனுப் போடுகிறவர் நல்லவர், இந்த மண்ணில் பற்றுள்ளவர் என்று இந்தியப் பிரஜைகள் இருவர் உறுதிமொழி கொடுக்க வேண்டுமாம். ஒருவர் ரோசம்மா. இன்னொருவர்... வேறு யார், மாப்பிள்ளைதான்!

நேற்று மதுரையில் வக்கீல் காகிதத்தை நீட்டினார். சட்டைப் பையில் அந்தப் புதுப் பேனா. மூடியில் சந்தனம் காய்ந்தும் உதிராமல் அப்பியிருந்தது. எந்த வீட்டை வாங்கக் கையெழுத்துப் போட வாங்கினேனோ, அந்த வீடு எனக்கு இல்லை என்று ஆக்குவதற்கு அதே பேனாவால் என் பெயரை எழுதினேன். நல்ல பேனா. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை.

வக்கீல் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாளைக்கி விசாரணைக்கு வந்து, அந்த அம்மாவுக்கு இந்த மண்ணுல பற்று இருக்குங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு உங்களக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்ற எனக்கே வீட்டைக் கொடுக்கவில்லை சார்... இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றேன்.