கேட்டுக்கு உள்ளே ஒரு குழந்தை

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே ரிஹானாவை வளர்த்தாள் அவள் அம்மா. செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கடையில் அத்தாவை விட மகள்தான் நன்றாகப் பேரம் பேசுவாள். அந்த வாயை நம்பித்தான், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள ஊர்களில் பதினைந்து வருஷமாகக் கிராமச் செவிலியர் வேலை பார்க்கிறாள். ஊசிக்குப் பயந்து சோளக்காட்டுக்குள் ஓடிய பிள்ளைகள், மாமியாருக்குப் பயந்து சத்து மாத்திரையை முந்தானையில் முடிந்த மருமகள்கள் என்று எல்லோரையும் பேசியே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

அந்தப் பேச்சு எடுபடாத ஒரே இடம் காளியண்ணனின் கோழிப்பண்ணை.

அங்கே ஒடிசாவிலிருந்து வந்த பசந்தியும் அவள் புருஷனும் சோடியாக வேலையில் இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் சோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். அவன் தீவனம் போட, அவள் முட்டை பொறுக்க, ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. கேட்டைத் தாண்டி வெளியே போய் வந்தால் குளித்துத் துணி மாற்ற வேண்டும், அன்று முழுக்க ஷெட்டுப் பக்கம் போகக் கூடாது. கோழிக்கு வெளியிலிருந்து சீக்கு வந்துவிடும் என்கிற பயம். பயம் நியாயமானதுதான், ஒரு சீக்கு வந்தால் பண்ணையே காலி. ஆனால் அந்த நியாயம் பசந்தியின் பத்து மாதக் குழந்தை குனியின் தலையில் வந்து விடிந்தது.

குனிக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டும். ஊசி போடுவது புதன்கிழமை. பசந்தி சுகாதார நிலையத்துக்கு வந்தால் அன்றைக்கு முட்டை பொறுக்க ஆளில்லை. ரிஹானா உள்ளே போகலாமென்றால், அவள் நாலு ஊர் நாட்டுக்கோழி மேய்கிற வாசலையெல்லாம் மிதித்து வந்தவள். கேட்டோரமாக வைத்துப் போடலாமென்றால், நர்ஸ் கை பட்ட பசந்தியும் வெளியே போய் வந்த கணக்கில் சேர்ந்துவிடுவாள். தீட்டுக்குக்கூட இத்தனை சட்டம் கிடையாது என்று ரிஹானா வாய்விட்டே சொன்னாள். காளியண்ணன் சிரித்துக்கொண்டார். கோபப்படுகிற மனுஷனாக இருந்தாலாவது சண்டை போடலாம். அவரோ ஒவ்வொரு முறையும் மோர் கொடுத்து அனுப்பினார்.

பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. அன்றைக்கு ரிஹானா போய் நின்றபோது, கோழிக்குஞ்சுகளுக்கு ஊசி போடுகிற ஆட்கள் கும்பலாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காளியண்ணனை மறித்துக் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, கோழிக்கு ஊசி போட இத்தன பேரு போறாங்க. கொழந்தைக்குப் போட நான் ஒருத்தி போகக் கூடாதுங்களா?"

அவர்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே குளித்து, பண்ணைத் துணியைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் என்றார் காளியண்ணன். அப்படியானால் தானும் குளிக்கிறேன் என்றாள் ரிஹானா. பெண்களுக்குப் பண்ணைத் துணி இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதே மோர், அதே பதில். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பசந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தபடி நின்றாள்.

ரிஹானாவுக்குப் பொறுக்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டு விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். குழந்தையின் பெயர், அம்மாவின் பெயர், பண்ணையின் பெயர், ஒன்றையும் விடவில்லை. மேலேயிருந்து காளியண்ணனுக்குப் போன் போனது.

அடுத்த புதன்கிழமை கேட் அகலத் திறந்திருந்தது. புது நைட்டியும் புது சோப்பும் கேட்டோரக் குளியலறையில் தயாராக இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்றுதான் ரிஹானா நினைத்தாள். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள், தலைத்துணியை அலசிப் பிழிந்து ஈரத்தோடே கட்டிக்கொண்டாள். யாருக்கோ தைத்தது போலிருந்த நைட்டியில், மருந்துத் தண்ணீரால் துடைத்த ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காளியண்ணன் முன்னால் வழி காட்டிக்கொண்டு போனார்.

அறை வாசலில் வேறொரு சோடி நின்றது.

"அவங்கள மாத்தியாச்சுங்க நர்சம்மா. எங்கன்னு ஆள் அனுப்பற ஏஜெண்டத்தான் கேக்கோணும்" என்றார் காளியண்ணன், நிதானமாக. "இனிமே கொழந்த இல்லாத சோடியாப் பாத்துத்தான் அனுப்பச் சொல்லியிருக்கறனுங்க. உங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க."

குழந்தை இல்லை என்று தெரிந்தேதான் குளிக்க விட்டிருக்கிறார். அவரைக்கூட விடுங்கள், பெயர் பெயராகச் சொல்லிப் போட்டுக்கொடுத்தது தன் வாய்தானே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பசந்தி இந்நேரம் எந்த ஊர்ப் பண்ணையில், எந்தக் கேட்டுக்கு உள்ளே இருக்கிறாளோ. குனிக்கு அங்கே யார் ஊசி போடப் போகிறார்கள்?  ரிஹானா காளியண்ணனைத் திட்டுவதற்காகத் திரும்பினாள்.

அப்போதுதான் அந்தப் புதுப்பெண்ணைச் சரியாகப் பார்த்தாள். சின்ன வயசு. முந்தானையை இழுத்து வயிற்றை மூடியபடி நின்றிருந்தாள். பதினைந்து வருஷம் வயிறு பார்த்த கண்ணுக்கு முந்தானை எம்மாத்திரம். ஐந்து மாதம் இருக்கும். ரிஹானா பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள். காளியண்ணனின் முதுகுக்குப் பின்னால், வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

கர்ப்பிணி என்றால் அன்றைக்கே பேர் பதிந்து, ரத்தம் பார்த்து, ஊசி போட வேண்டியது ரிஹானாவின் வேலை. இங்கே வாயைத் திறந்தால் நாளைக்கு இந்தச் சோடியும் இருக்காது. திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங் நர்சம்மா, ஒண்ணும் பேச மாட்டீங்கறீங்க?" என்றார் காளியண்ணன்.

"பேசறதுக்கு என்னங்ண்ணா இருக்குது. சத்து மாத்திரை குடுக்கோணும், இவங்களுக்கு ரத்தம் கம்மியாத் தெரியுது. அடுத்த பொதங்கெழமையும் வாரனுங்க. அதுக்கடுத்த பொதனும் வாரேன். குளிக்கறதுக்குச் சுடுதண்ணி மட்டும் வெச்சிருங்க."

பெட்டியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். குனிக்காகக் கொண்டுவந்த ஊசி மருந்து, பனிக்கட்டிகளுக்கு நடுவே அப்படியே இருந்தது.