டயர் தட்டும் சத்தம்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுப்பாள். முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டாள். ஆட்டிசம் என்று சொன்ன சேலத்து டாக்டரம்மா, "புள்ளைக்குப் புடிச்சதைக் கையில வெச்சுக்குங்க. உங்களைப் பார்த்த உடனே குடுங்க" என்றார். முறுக்கு, பொரி, வெல்லம் எல்லாம் காட்டித் தோற்றேன். லாரி ஓட்டும் என் கணவரோ, "புள்ளைய ஏங்க வெக்கறதுக்கா சேலம் போயிட்டு வந்த?" என்று எரிந்து விழுவார்.

ஒருநாள் எங்கள் சங்ககிரி வீட்டு வாசலில், லாரி டயர்களில் காற்று இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே வந்த என் கணவர், பீடி பற்றவைக்க நின்றார். சத்தம் நின்றதும் வாசற்படியில் இருந்த மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திகைத்துப் போய்த் தட்டினார், நிறுத்தினார். மறுபடியும் பார்த்தாள்.

லாரிக்குள் இருந்த இன்னொரு டிரைவர், கிளம்பலாம் என்று ஹாரன் அடித்தார். "இருங்க!" என்று கத்திய என் கணவர், கம்பியை என்னிடம் நீட்டினார். "இந்தா புள்ள, நீ தட்டிப் பாரு."

அவரைப் பார்த்தவள் என்னைப் பார்க்காவிட்டால்? ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

பார்த்தாள்.

அதுவரை நான் அவளுக்கு ஒரு கை மட்டும்தான். அன்றுதான் எனக்கு ஒரு முகம் வந்தது.