ஆறுமுகம் அண்ணனுக்குத் தோள் கொடுக்காதவர்களுக்கு

கச்சிராயபாளையம் பஸ்ஸுக்காகக் கள்ளக்குறிச்சியில் நின்றிருந்தபோது போன் வந்தது. "அப்பா போயிட்டாரு அத்த" என்றாள் ஆறுமுகம் அண்ணன் மகள். மாரடைப்பு. பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர் வைத்த பெயர் வேறு: பைத்தியத்துக்கு ஆள் பிடிக்கிறவர். நல்ல ஊர்!

சில வருஷங்களுக்கு முன்னால், பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரர் காஷ்மீரிலிருந்து லீவில் வந்திருந்தார். பக்கத்தில் நின்ற சிநேகிதனைக் குண்டுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவர், வீட்டுக்குள் படுக்காமல் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையிலேயே கிடந்தார். சொந்தக்காரர்கள் தினமும் வந்தார்கள், மிலிட்டரி பாட்டில் கேட்டு. காத்துக் கருப்பு என்று மாமியார் மலைக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கப் பார்த்தார். பாட்டில் கேட்காமல் வந்த ஒரே மனிதர் அண்ணன். கொட்டகைத் தரையில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரில தூங்கறியாப்பா?" என்றார். என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று அண்ணன் சொன்னதும், "எம்புள்ள இன்னா பைத்தியமா?" என்று மாமியார் பாய்ந்தார். அண்ணன் அசரவில்லை.

"கால்ல குண்டு பட்டா மாலை போடறீங்க. மனசுல பட்டா வாயப் பொத்திக்கினு போறீங்க. இன்னா ஊரும்மா இது!"

ரெக்கார்டில் ஏறினால் புரமோஷன் போய்விடும் என்று இவர் பயந்தார். "ஆளு இருந்தாத்தானப்பா புரமோஷன்" என்று சொல்லி, அண்ணனே ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இவர் பிழைத்தார். இப்படி அண்ணன் கூட்டிப்போன பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். ஒருவர் பெயரையும் அவர் வெளியே சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைகள்தான் சாவன்று எதிர் டீக்கடையில் நின்றார்கள். கிட்டே வந்தால், "நீயும் அவர்கிட்ட போனவனா?" என்று ஊர் கேட்டுவிடுமாம். என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். இங்கே பாடை தூக்க ஆள் தேடுகிறார்கள். தெருவைக் கடந்து போய், "உங்க உயிரத் தூக்கியாந்து குடுத்தாரே, அவரத் தூக்க ஒருத்தனுக்கும் தோளு இல்லியா?" என்று கத்தினேன். இவர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் டீ குடித்தார்கள்.

டீக்கடையில் நின்ற உங்கள் பெயரெல்லாம் எனக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தவள்தானே நான். சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். இவர் பெயரைப் போடச் சொல்லி இவரே கேட்டார்: பழனிவேல். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். அண்ணன் எனக்கு விட்டுப்போனது இதைக் கூசாமல் சொல்கிற வாய்தான். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனால் எங்களிடம் கூட்டி வாருங்கள். கொல்லைப்புறமாக வேண்டாம். தெருவாசல் வழியாக வாருங்கள்.