குதிரைப் பாவம்

குதிரைப் பாவம் என்று தனியாக ஒரு பாவம் உண்டு, அது கொலைக்கும் களவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று பத்து நாள் முழுசாக நம்பியவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, பி.ஏ. பாஸ். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ சின்னப் பிள்ளை பயந்த கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பார்கள், அதுதான் ஓலை. தடை சொல்ல வேறு யாரும் வரவில்லை. அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் தலைமை குமாஸ்தா ஸ்ரீரங்கத்து ஐயங்கார். அவருக்குப் பத்திரிகை கொடுக்க மெயின்கார்டு கேட்டில் குதிரை வண்டி பிடித்தேன். அந்த நாளில் நான் நல்ல கனம். நான் ஏறினால் வண்டியின் முன்பக்கம் ஆகாயத்தைப் பார்க்கும். வண்டிக்கார பாய், "முன்னால வாங்க சார், இன்னும் முன்னால வாங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு சாண் போனால் குதிரையின் முதுகில்தான் உட்கார வேண்டும்.

காவிரிப் பாலத்து ஏற்றத்தில் குதிரை நின்றுவிட்டது.

"ஒண்ணு குடுங்க பாய், நேரமாகுது" என்றேன்.

"தோள்ல புண்ணு இருக்கு சார்."

"ஒண்ணே ஒண்ணு பாய்."

சாட்டை விழுந்தது. குதிரை இரண்டடி வைத்தது, முன்னங்கால் மடங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. தோல்வார் உரசி உரசி, தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அது கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஒரு குதிரை ஒரு மனுஷனை அவ்வளவு நேரம் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. வாடகையைப் பாயின் கையில் திணித்தேன், பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன், ஏறி ஓடிவிட்டேன்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, கோயிலுக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் வயதான வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றவர். ஒற்றெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் போட்டுவிடுவார். "மழைப் பெய்கிறது" என்பார். "குழந்தைப் பிறந்தது" என்பார். ஊரே பழகிவிட்டது. நானும் பழகிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் காது. பொய், கோபம், வெள்ளிக்கிழமையில் கறி தின்றது என்று வரிசையாகச் சொன்னேன். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் பேச்சோடு பேச்சாகக் குதிரையையும் சொன்னேன். "ம்" நின்றுவிட்டது.

"புண் இருந்ததா?"

"இருந்துச்சு சாமி."

"அடிக்கச் சொன்னீரா?"

"ஒண்ணுதான் சாமி."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "குதிரைப் பாவம்."

சின்ன வயதில் நெட்டுருப் போட்ட ஞானோபதேசத்தை மனதுக்குள் புரட்டினேன். சாவான பாவம் உண்டு, அற்பப் பாவம் உண்டு, ஜென்மப் பாவம் உண்டு. குதிரைப் பாவம்? அதை நடத்திய அன்றைக்கு நான் அம்மையில் படுத்திருந்தேனோ?

"அந்தக் குதிரைக்கு ஏதாவது செய்யும்" என்றார். இன்னும் என்னவோ சொன்னார், காதில் ஏறவில்லை. பிறகு லத்தீன் ஆரம்பித்தது. பாவமன்னிப்பு ஜெபத்தை விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டவன்தான். அன்றைக்கு அது சாபம் போலக் கேட்டது. பாதியில் எழுந்து ஓடிவிட்டேன். ஓடுவதில் எனக்கு அந்த வாரம் நல்ல பயிற்சி.

ஜெபம் முடியுமுன் ஓடிவந்ததால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மன்னிப்புப் பெறாதவன், பூசையில் சாமியார் நாவில் வைக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கக் கூடாது. கல்யாணப் பூசையில் முதலில் வாங்க வேண்டியவர்களே பெண்ணும் மாப்பிள்ளையும்தான். பெண் வீடு காட்டூர். மாமனார் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறக்காமல் முழந்தாளில் இருந்தால் என்ன பாவம் என்று கேட்கமாட்டாரா? கேட்டால், குதிரை என்று சொல்ல முடியுமா?

சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியாரிடம் ஓடினேன். தெரியாது என்ற வார்த்தையை வாழ்நாளில் சொல்லாதவர்.

"குதிரைப் பாவம் எந்தக் கட்டளையில வருதுங்க?"

அவர் பொடியை உறிஞ்சினார். "யாரு தம்பி பண்ணினது?"

"ஒரு சிநேகிதன்."

"கல்யாணமானவனா?"

"ஆகப் போகுது."

"அடப் பாவமே! அது பெரிசு தம்பி. ரோமாபுரிக்கு எழுதணும்."

ரோமாபுரியிலிருந்து பதில் வருவதற்குள் என் கல்யாணம் நின்று, பெண்ணுக்கு வேறு இடத்தில் பிள்ளை பிறந்துவிடும். குதிரையைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மெயின்கார்டு கேட் வண்டி ஸ்டாண்டில் பாய் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டார். "வாங்க சார்! அன்னிக்கு பஸ்ஸுல குதிரைக்கும் சேத்து டிக்கெட் எடுத்தீங்களா?"

ஸ்டாண்டே சிரித்தது. நான் கொள்ளுப் பையை நீட்டினேன். வேப்பெண்ணெய் கொடுத்தேன். கல்யாணத்துக்கென்று உறையூரில் வாங்கிய துண்டை மடித்து, தோல்வாருக்கு அடியில் மெத்தையாக வைத்தேன். புண் ஆறும்வரை வண்டி சும்மா நிற்கட்டும், வாடகையை நான் தருகிறேன் என்றேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓடாத வண்டிக்குக் காசா? நான் என்ன பிச்சைக்காரனா சார்? ஏறுங்க, கூலி குடுங்க."

"ஏற மாட்டேன் பாய்."

"அப்ப வண்டி எதுக்கு ஓடணும்?"

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் சாயங்காலம் என் கூலியில் காலி வண்டி ஸ்ரீரங்கம் போகும். பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போதும் அப்படியே.

நாலாம் நாள் பாலத்தில் தலைமை குமாஸ்தா எதிரே வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன ஓய் இது? நாளைக்குக் குதிரையை உள்ளே உக்காத்தி வெச்சுட்டு நீரே இழுக்கப் போறீரா?"

"ஒரு சின்ன வேண்டுதல் சார்."

"எங்களுக்குக் குதிரை முகத்தோட ஒரு பெருமாள் உண்டு. சேவிச்சா வித்தை வரும்பா. நீர் வாலுக்குப் பின்னால நின்னுண்டு சேவிக்கறீரே, உமக்கு என்ன வரப் போறது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வந்துவிட்டது. என் செருப்பு நிறைய.

ஏழாம் நாள் புண்ணில் பொருக்குத் தட்டியது. எட்டாம் நாள் குதிரை என் சட்டைப் பையில் மூக்கை விட்டுக் கொள்ளைத் தேடியது. பாய், "உங்களைக் கண்டா இப்ப கனைக்குது சார், என்னைக் கண்டாகூட இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி படுத்தால் காட்டூர் மாமனார் வந்துவிடுவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மறுபடியும் மரத்தட்டிக்கு முன் மண்டியிட்டேன்.

"சாமி, குதிரைப் பாவத்துக்குப் பரிகாரம் பண்ணிட்டேன். இப்பவாவது மன்னிப்புக் குடுங்க."

"எந்தப் பாவம்?"

"குதிரைப் பாவம் சாமி. நீங்கதானே சொன்னீங்க?"

மரத்தட்டியே லேசாக ஆடியது. சாமியார் சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"ரோட்டில் ஒரு நாய் அடிபட்டால் நீர் என்ன சொல்வீர்?"

"ஐயோ, நாய் பாவம்னு சொல்வேன் சாமி."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"அப்ப என் மன்னிப்பு?"

"அன்றைக்கே கொடுத்தாயிற்று. நான் ஜெபத்தை முடித்தபோது நீர் தூண் வரைக்கும்தான் ஓடியிருந்தீர். அபராதமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னேனே, சொன்னீரா?"

சொல்லவில்லை. அங்கேயே சொன்னேன். மறுநாள் கல்யாணப் பூசையில் நற்கருணை வாங்கினேன். பாய் கல்யாணத்துக்கு வந்திருந்தார். உறையூர்த் துண்டைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். புண் ஆறிவிட்டதாம்.