கோயிலிலிருந்து நேராக வீட்டுக்கு

திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. எந்த ஊரில் எவருக்குச் சனி பிடித்தாலும் அவர் நம் வீட்டு வழியாகத்தான் வருவார். எங்கள் வீடு சுரக்குடியில், கோயிலுக்குப் போகும் பாதையிலேயே இருந்தது. எழுபதுகளில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, வந்தவர்கள் எல்லாருமே பெண்ணையும் சாமியையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடும் உத்தேசத்தோடுதான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி. ராத்திரி கோயிலருகே சத்திரத்தில் படுக்கை. சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுக்கு. கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டுத் தரிசனம். அப்புறம் நேரே பஸ்.

அந்த நேரே பஸ்ஸில்தான் என் தலையெழுத்து இருந்தது. சனி பகவானைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராகத் தங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நடுவில் இன்னொருவர் வீட்டுப் படி ஏறினால், தொலைத்த பீடை அந்த வீட்டில் இறங்கிவிடும் என்பார்கள். அதனால் எவரும் திரும்பி வந்து முகத்துக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. "ஊருக்குப் போயிட்டுச் சொல்லி அனுப்புறோங்க" என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுவார்கள். சிலர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள், சிலர் அதுகூடச் செய்யவில்லை. நான் பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பேன். அழுகை வந்த காலம் போய், அலுப்பு மட்டும் மிஞ்சியது.

அலுக்காதவர் அப்பா ஒருவர்தான். வந்தவர்களைக் கூட்டிப்போய்க் கோயிலைச் சுற்றிக்காட்டுவார். கூட்டம் மொத்தமும் சனி சன்னதிக்கே முண்டியடிப்பதில் அவருக்கு ஒரு மனத்தாங்கல். "இது சிவன் கோயிலுங்க" என்று ஆரம்பிப்பார். "தர்ப்பைக் காட்டுல உண்டான சாமி. லிங்கத்து மேல அந்தத் தழும்பு இருக்கு." அவர் சொன்னதில் தப்பில்லை. கோபுரம், மதில், பிராகாரம் எல்லாம் சிவனுக்குக் கட்டியவை. சனி பகவானுக்குக் கிடைத்தது அம்பாள் சன்னதிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன இடம். ஆனாலும் யாரைக் கேட்டாலும் அது சனி கோயில்தான்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்த இடம் பலிபீடம். மற்ற கோயில்களில் பலிபீடமும் நந்தியும் சாமிக்கு நேர் எதிரே இருக்கும். இங்கே கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். கோயிலுக்குப் பால் கொடுத்துவந்த ஓர் இடையனிடம், கணக்கன் ஒருவன் அந்தப் பாலைத் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு அவன்மேலேயே பழியைப் போட்டானாம். இடையன் அழுதபோது சாமி அந்தக் கணக்கன்மேல் சூலத்தை வீச, அதற்கு வழிவிட்டுப் பலிபீடம் விலகியதாம். இதை அப்பா எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்கள்.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் நின்று கேட்டாராம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மகனோடும் தம்பியோடும் வந்திருந்தவர். முதல்நாள் என்னைப் பார்த்தபோது, தூரத்திலிருந்து விசாரிக்காமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியவர். எனக்கும் அந்த மகனைப் பிடித்திருந்தது. கதையைக் கேட்டுவிட்டு அப்பாவிடம், "கல்லே ஒதுங்கி வழி விட்டிருக்கு, நாம என்னண்ணே ஒரு வீட்டுப் படியேறப் பயந்துகிட்டு? இப்பவே போயிப் பொண்ணுக்குப் பூ வச்சுட்டுப் போறேன்" என்றாராம். பூ வைத்துவிட்டால் கல்யாணம் பேசி முடித்த மாதிரிதான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க முன்னாடி போங்க, வெத்தலை பாக்கு பழம் வாங்கிட்டு இதோ வந்துடுறேன்" என்று கடைத்தெருவில் நின்றுவிட்டார்.

வீட்டில் இருந்த எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ஈரத்தலையும் விபூதியுமாக மூன்று பேர் தெருவில் வருவதை அம்மா பார்த்தாள். வாசலுக்கு ஓடி நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கோயில்லேர்ந்து வர்றீங்க. எம் பொண்ணுக்கு ஏற்கெனவே ஏழரை நடக்குது. படியேறிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நடையில் நின்றிருந்தேன். அந்த அம்மாள் கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. மகன் முகத்தைப் பார்த்தார், திரும்பி வேறு பக்கமாகப் பஸ்ஸுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் பழமும் வெற்றிலையுமாக அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து, "எங்க அவங்க? பூ வைக்க வந்தாங்களே" என்று கேட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா மறுநாளே மன்னார்குடிப் பக்கம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். "வாசல்ல நிறுத்துன வீட்டுல எப்படிண்ணே சம்பந்தம் பண்ணுறது?" என்று கேட்டார்களாம். அப்பா அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகும் சிலர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். எண்பதுகளில் அதுவும் நின்றது. அப்பா காலமாகிவிட்டார். நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாமேல் எனக்குப் பல வருஷம் ஆத்திரம் இருந்தது. எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாள் என்று தெரிந்ததால் சண்டைகூடப் போட முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை உச்சிவெயிலில் கைக்குழந்தையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். அம்மா உள்ளே வரச் சொன்னாள். அந்தப் பெண் பதறிப்போய், "வேணாங்கம்மா, கோயிலுக்குப் போயிட்டு வர்றோம், வெளியிலேயே குடிச்சுக்கிறோம்" என்றாள்.

அம்மா கதவை அகலத் திறந்தாள். "பரவால்ல, உள்ள வந்து உக்காந்து குடிங்க. இனிமே அந்தச் சனி பகவானே வந்தாலும் இந்த வீட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போவ ஒண்ணும் இல்ல."