எட்டடி நகர்ந்த கம்பம்

எங்கள் மீனவர் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு சங்கமித்ராவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைவர் மண்ணாங்கட்டி ஆள் அனுப்பியிருந்தார். "நாலு வரி போதும், கருணா. அந்தப் பொண்ணோட சேவைய பாராட்டி எழுது" என்று சொல்லிவிட்டிருக்கிறார். சேவையாம்! கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. நாங்கள் அவளுக்குச் செய்தது நாலு வரியில் அடங்குமா? மலரில் போட்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் கருணாகரன். இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போவதை விட்ட பிறகு, எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஐஸ் அறைக்கு மேலே இருக்கும் ஒயர்லெஸ் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். கடலில் யாருக்காவது எஞ்சின் நின்றால், படகில் தண்ணீர் ஏறினால், கையில் இருக்கும் வாக்கி-டாக்கியில் கூப்பிடுவார்கள். நான் கேட்டு, பக்கத்தில் இருக்கும் படகை அனுப்புவேன். கேட்பதுதான் என் வேலை. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தார்ப்பாய் கம்பெனி வந்தது. பிளாஸ்டிக் தாள்களின் விளிம்பை ரேடியோ அலையால் சூடாக்கி ஒட்டுகிற மெஷின்களை வரிசையாகப் போட்டார்கள். மெஷின் அழுத்தும்போதெல்லாம் அந்த அலையில் கொஞ்சம் சிதறி எங்கள் அலைவரிசையில் வந்து விழும். ஐந்து விநாடி கொர்ரென்று இரைச்சல், மூன்று விநாடி அமைதி, மறுபடி இரைச்சல். மூன்று ஷிப்டும் இதே கதை. அந்த மூன்று விநாடிக்குள் கடலில் இருப்பவன் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

கம்பெனி மேனேஜரிடம் போனோம். "மெஷின் எங்க காம்பவுண்டுக்குள்ளதான் ஓடுது, உங்க கடல்லயா ஓடுது?" என்றார். மனு கொடுத்த இடத்தில் மனு தூங்கியது. எங்கள் ஒயர்லெஸ் செட்டைப் பராமரிக்கும் கான்டிராக்ட் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் காரில் வந்து, கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்து, ஆன்டெனாவைப் பத்தடி உயர்த்தச் சொல்லிவிட்டுப் போனார். உயர்த்தினோம். கம்பெனி இரைச்சல் இன்னும் நன்றாகக் கேட்டது!

அதற்குப் பிறகுதான் அந்த கான்டிராக்ட் கம்பெனி சங்கமித்ராவை அனுப்பியது. இருபத்தாறு வயது, ஒல்லியான பெண். தோளில் கருப்பு ரெக்ஸின் பை. ஒரு பஸ்ஸைப் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, கடைசி இரண்டு கிலோமீட்டர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரிகளுக்கு ஓரமாக நடந்து வந்திருந்தாள். வேலை செய்த மில் மூடிய பிறகு அவள் அப்பா பீம்ராவ் வாட்ச்மேன் உத்தியோகம் பார்த்து அவளை டிப்ளமோ படிக்க வைத்திருக்கிறார். படிக்கும்போதே வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மொட்டை மாடிகளில் ஏறி டிவி ஆன்டெனா திருப்பித் தந்து பழகியவள்.

"எங்கேர்ந்து வர?" என்றார் தலைவர்.

"வியாசர்பாடி சார்."

"வியாசர்பாடில எங்க?"

அவள் சொன்னாள். தலைவர் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாசில் டீ வந்தது, அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. அவள் குடித்து முடித்து, கப்பைக் குப்பையில் போடாமல் தலைவரின் மேசைமேல், அவர் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப் போனது. பிடித்து என்ன பயன்? அந்தக் கப்பைப் பற்றி நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ண்ணே, ஒரு ஆன்டெனாவ வெச்சிகினு சத்தத்த மட்டும் தள்ள முடியாது. அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு போடணும்" என்றாள்.

"ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு சத்தம் வராதா?"

அவள் என் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, என்னை எதிர்ப்பக்கம் நின்று தள்ளச் சொன்னாள். இருவரும் ஒரே பலத்தில் தள்ளினோம். மேசை அசையவில்லை. "கம்பெனி சத்தம் ரெண்டு ஆன்டெனாலயும் வரும். ஒண்ணுல வர்றத்த திருப்பி விட்டு இன்னொண்ணோட சேத்தா, இப்டி நின்னுபூடும். படகுல பேசறவன் வேற தெசையில கீறான். அவன் கொரலு ரெண்டுக்கும் வேற வேற மாரி வந்து சேரும். அது நிக்காது, உள்ள வந்துரும்."

கேட்க எளிதாக இருந்தது. செய்ய நான்கு நாள் ஆயிற்று. மாடியின் வடகிழக்கு மூலையில் இரண்டாவது கம்பத்தை நட்டாள். அதிலிருந்து வரும் கேபிளை விரல் நீளம் விரல் நீளமாக நறுக்குவாள், பழைய ஆன்டெனாவின் கேபிளோடு ஒரு தகரப் பெட்டிக்குள் சேர்ப்பாள், "இப்போ?" என்று மேலேயிருந்து கத்துவாள். கீழே நான் செட்டுக்குக் காது கொடுத்து, "அப்டியே கீது" என்பேன். மறுபடி நறுக்குவாள். வெயிலில் தளம் கொதித்தது, கோணியை நனைத்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டாள். கேபிளை அளவுக்கு மேல் நறுக்கி, புதிதாக இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு. நாலாம் நாள் மத்தியானம், கொர்ரென்று வந்த இரைச்சல் கொசு சத்தமாகத் தேய்ந்தது. அதற்கு மேலாக, கடலில் இருந்த செல்வத்தின் குரல் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. செல்வம் என் சித்தப்பா பையன். "இன்னாண்ணே, சாப்ட்டியா?" என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

போகும்முன் அவள் என்னை மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ண்ணே, இதுக்குக் கேக்காத பக்கம்னு ஒண்ணு கீது. அத்த நான் கம்பெனி பக்கம் திருப்பி வெச்சிகிறேன். இந்தக் கம்பம் நவுந்தா அது வேற எங்கனா பூடும். எங்க போவும்னு எனுக்கே தெரியாது. யாரையும் தொட விடாத." கம்பத்தின் அடியில் சிவப்புப் பெயின்டில் 'நகர்த்தாதீர்' என்றும் எழுதினாள். திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? அந்தக் கண்ணாடிக்கார இன்ஜினியர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

பத்து மாதம் நிம்மதியாகப் போனது. மறு வருடம் ஆடி மாதம் வந்தது.

எங்கள் குப்பத்தில் ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கொடியை இருப்பதிலேயே உயரமான மாடியில், ஈசானி மூலையில்தான் ஏற்றுவோம். ஐஸ் அறை மாடிதான் உயரம். அதன் ஈசானி மூலையில் சங்கமித்ராவின் கம்பம் நின்றது. "அம்மனுக்கு எடம் உடாம கம்பி நிக்குது பாரு. அத்த அந்தாண்ட தள்ளி நடு, கருணா" என்றார் தலைவர். அவள் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். "அம்மன விட அந்தப் பொண்ணு பெருசா?" என்று அவர் கேட்டதும் ஏணியை எடுத்துவரப் போனேன். கம்பத்தைப் பிடுங்கி எட்டடி தள்ளி நட்டவன் நான்தான். கொடிக்கம்பத்தின் பீடம் அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் உட்கார்ந்தது.

கீழே வந்து செட்டைப் போட்டால் இரைச்சலே இல்லை. கொசு சத்தம்கூட இல்லை! "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று தலைவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தார்ப்பாய் கம்பெனியில் அந்த வாரம் ஸ்ட்ரைக், மெஷின் ஒன்றும் ஓடவில்லை. அது எனக்குத் தெரியும். கேட்டில் சாமியானா போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இருந்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. காது போனவனுக்கும் உலகம் அமைதியாகத்தான் இருக்கும்.

கூழ் ஊற்றி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, படகுகள் கிளம்பின. வடக்கே போனவர்கள் பேசினார்கள், தெளிவாகக் கேட்டது. தென்கிழக்கே போனது செல்வத்தின் படகு ஒன்றுதான். அது கூப்பிடவில்லை. மீன் நன்றாகப் படுகிறது போல என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். மதியத்துக்கு மேல் காசிமேட்டு விசைப்படகு ஒன்று கவிழ்ந்த படகைப் பார்த்து மூன்று பேரைத் தூக்கி வந்தது. செல்வம் இல்லை. "தண்ணி ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து பத்து வாட்டி கூப்ட்டோம்ணே. உன் பேரச் சொல்லித்தான் கூப்ட்டான்" என்றார்கள்.

அந்த வார்த்தையோடு ஆறு வருடமாகப் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் சங்கத்தில் கூட்டம். கண்ணாடிக்கார இன்ஜினியரும் வந்திருந்தார். "ரெண்டு ஆன்டெனா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் சொந்த யோசனை" என்று சுத்தமாகக் கை கழுவினார். திறப்பு விழாவில் மாலைக்கு நீட்டிய அதே கழுத்து! சங்கமித்ராவை நடுவில் நிற்க வைத்தார்கள். செல்வத்தின் மனைவி மங்கை எழுந்தாள்.

"என் வூட்டுக்காரரு பத்து வாட்டி கூப்ட்டுகிறாரு. நீ செஞ்சி குட்த்த மிஷினுக்கு ஏன் கேக்கல?"

சங்கமித்ரா அதற்கு முன்பே மாடிக்குப் போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்திருந்தாள். "கம்பம் எட்டடி நவுந்து கீதும்மா. கேக்காத பக்கம் தென்கெழக்கால திரும்பிச்சி" என்றாள்.

"யாரும் தொடல" என்றார் தலைவர். "கருணா, நீதான அங்கியே கீற. யாருனா தொட்டாங்களா?"

சங்கமித்ரா என்னைப் பார்த்தாள். மங்கை என்னைப் பார்த்தாள். குப்பமே என்னைப் பார்த்தது.

"நான் பாக்கல" என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு அன்றைக்கே வேலை போனது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் எவனோ அவள் சாதியைச் சொல்லிக் கத்தினான். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்பதுதானே என் வேலை!

இரண்டாவது ஆன்டெனாவைக் கழற்றி எறிந்தார்கள். ஸ்ட்ரைக் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்தன, பழைய இரைச்சல் பழைய மாதிரியே வந்தது. ஒரு நாள் ஒரு படகு எஞ்சின் நின்று மூன்று மணி நேரம் கூப்பிட்டு, எனக்குப் பாதி வார்த்தைதான் கேட்டது. அன்றைக்கு அதிர்ஷ்டம், பிழைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வியாசர்பாடிக்குப் போனேன்.

மூன்றாவது மாடியில் வீடு. அவள் ஒரு டேப் ரிக்கார்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீம்ராவ் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார், எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

"வந்து மறுபடி கட்டிக் குடும்மா. படகுங்க போய்கினுதான் கீது" என்றேன்.

"வரேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கட்டிக் குடுக்கறேன், அது மேட்டரே இல்ல. ஆனா அந்தம்மா, நான்தான் அவங்க வூட்டுக்காரர கொன்னேன்னு நெனச்சிகினு கீறாங்க. நீ மொதல்ல போயி அவங்களாண்ட சொல்லு. அப்பால வரேன்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. இதற்கென்ன இவ்வளவு பிடிவாதம் என்று திட்டிக்கொண்டே வந்தேன். என் புத்தி அப்படி. எண்ணூரில் இறங்கும்போதுதான் திட்ட வேண்டிய ஆள் யார் என்று உறைத்தது.

மங்கை மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இருபது பெண்கள், கூடைகள், வாங்க வந்த கூட்டம். நான் அவள் எதிரில் குந்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"மங்க, அந்தக் கம்பத்த நவுத்துனது நான்தாம்மா."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும் மாமா" என்றாள். "ஏணிய என் வூட்டாண்டேர்ந்துதான எத்துகினு போன. அந்தப் பொண்ணு எட்டடின்னதுமே எனுக்கு வெளங்கிபோச்சி. நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன். அன்னிக்கும் பாத்தேன், இந்த மூணு வாரமா தெனம் பாத்துகினு கீறேன்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மங்கை கத்தியைப் பலகைமேல் வைத்தாள். கையைத் தண்ணீரில் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கைதட்டி அந்த மார்க்கெட்டையே கூப்பிட்டாள். "தே, எல்லாரும் இப்டி வாங்க! ஒயர்லெஸ்கார் இன்னாமோ சொல்லணுமாம்!" பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ண எல்லாரு முன்னாலயும்தான நிக்க வெச்சீங்க? நீயும் எல்லாரு முன்னாலயும் சொல்லு. சத்தமா சொல்லு மாமா, கடைசியில நிக்கறவளுக்கும் கேக்கணும்."