மஞ்சளை மூடிய டேப்

கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த வேன் டிரைவருக்கு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேரம் சரியில்லை என்றார் மாடி வீட்டுக்காரர். தலையில் எழுதியதை யார் அழிக்க முடியும் என்றார் மைத்துனர். பிரேக் ஆயில் ஒழுகியது ஒரு ரப்பர் குழாயின் வெடிப்பு வழியாக. தலையெழுத்தில் ரப்பர் குழாய் கிடையாது. அவர் எல்லாருக்கும் தலையை ஆட்டிவைத்தார்.

அந்த இறக்கத்தை அவ்வப்போது நினைத்துப் பார்ப்பார். மிதித்த பெடல் தரையைத் தொட்டது, சுவர் நெருங்கி வந்தது, தனக்குப் பின் சீட்டில் இருந்தவள் செத்துப்போனாள். நினைத்தால் உள்ளே எதுவும் ஆகவில்லை. யாரோ சொன்ன சங்கதி மாதிரி இருந்தது.

தையல் ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் அது. செத்தவள் சட்டைக்குக் காஜா எடுப்பவள். வீட்டில் பாதி சீவிய தலையை வேனில் வந்துதான் முடிப்பாள். "அண்ணே, கண்ணாடியை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. பின்னாடி வர்ற லாரி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பாள். அவரும் திருப்புவார்.

வண்டிச் சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங்குக்கு முன்னால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் மஞ்சள் நின்றால் சீக்கிரம் கவனி என்று அர்த்தம். சிவப்பு நின்றால் இப்போதே ஓரங்கட்டு. இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கம்பெனி வேன்களில் இன்ஜினுக்கான மஞ்சள் விளக்கு அணைந்து யாரும் பார்த்ததில்லை. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் சூப்பர்வைசர், "ஓடுதில்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார், அதற்குள் அன்றைய ட்ரிப் வேறு ஆளுக்குப் போயிருக்கும். வண்டியில் ஏறுகிற பெண்களோ, அது என்ன எரிகிறது என்று கேட்டுத் துளைப்பார்கள். அதனால் கறுப்பு எலக்ட்ரிகல் டேப்பில் ஒரு துண்டு கிழித்து விளக்கின்மேல் ஒட்டிவிடுவது டிரைவர்களின் பழக்கம். அதற்குக் கண்கட்டு என்றே பெயர். புது வண்டி கையில் வந்ததும் முதல் வேலை அதுதான். ஒட்டாத ஆளைப் பார்த்தால், "என்னய்யா, உன் வண்டி மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்குது" என்று ஓட்டுவார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள், "ஹாரன்" என்று எல்லாரும் கூப்பிடும் சக டிரைவர் வந்தார். எட்டு வீடு கேட்கப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு மேனேஜர் சொன்னதை ஒப்பித்தார். கண் அசந்துவிட்டது, விளக்கைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும். டேப் என்ற பேச்சே வரக்கூடாது. பிறகு கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேனின் முன்பக்கம் நசுங்கிக் கூழாகிவிட்டதால் டேப் இருந்ததற்குத் தடயமும் இல்லை. அதாவது, ஒரு பெண்ணின் சாவு முழுவதையும் அவர் ஒருவர் தலையில் இறக்கிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்ளலாம். டிரைவர் அதற்கும் தலையாட்டினார்.

ஹாரன் போனதும் மனைவி கேட்டாள்: "வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் ஆடுது. உங்க தலைக்குச் சாவி யார்கிட்டங்க இருக்கு?"

விசாரணை கம்பெனியின் வேன் ஷெட்டிலேயே நடந்தது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பிரேக் ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும், குழந்தைக்குக்கூடத் தெரியும், இவர் கவனிக்கவில்லை என்று மேனேஜர் கோவையாகச் சொல்லி முடித்தார். அதிகாரி டிரைவர் பக்கம் திரும்பி, விளக்கு எரிந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"இல்லை மேடம். டேப் ஒட்டியிருந்தேன்."

அது துணிச்சல் இல்லை. பொய் சொல்லக் கொஞ்சமாவது உயிர்ப்பு வேண்டும். அவரிடம் அது மிச்சமில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். பின்னால் நின்ற மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஒரு வழக்கமே இங்கே கிடையாது என்றார் மேனேஜர். வேண்டுமானால் வண்டிகளைப் பாருங்கள் என்று தாராளமாகக் கைகாட்டினார். பார்த்தால் எதிலும் டேப் இல்லை. காலையிலேயே எல்லாவற்றையும் உரித்துச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். அதிகாரி முதல் வேனில் ஏறி, சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டார். மற்ற விளக்குகள் அணைந்தன. மஞ்சள் நின்றது. அடுத்த வேனிலும் நின்றது. அதற்கடுத்ததிலும். டேப்பை உரிக்கத் தெரிந்தவர்களுக்கு, உரித்தால் என்ன தெரியும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த விளக்கு எரிவதைப் பழுது என்று நினைப்பதை அவர்கள் விட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி வேன் ஹாரனுடையது. அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் எப்போலேருந்து எரியுது?" என்று அதிகாரி சூப்பர்வைசரைக் கேட்டார். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி மறுபடி டிரைவரிடம் வந்தார். "எரியுறது மஞ்சள். அன்னைக்கு எரிஞ்சிருக்க வேண்டியது சிவப்பு. சிவப்பை ஏன் மூடினீங்க?"

"மூடணும்னு மூடலை மேடம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. டேப் அகலம்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு அதிகாரி சுற்றி வளைக்காமல் சொன்னார். அவருடைய லைசென்ஸ் முடக்கப்படும், வழக்கில் அவர் பெயர் இருக்கும். அவர் பெயருக்கு மேலே கம்பெனியின் பெயரும் சூப்பர்வைசரின் பெயரும் இருக்கும். இந்த வண்டிகள் எதுவும் பழுது பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது. மனைவி மூச்சு விட்டாள். தனியாக மாட்டவில்லை, அது போதும் என்று அவர் காதருகே முணுமுணுத்தாள். அவர் கேட்டுக்கொண்டார்.

வேன் இல்லாததால், வேலை விட்டு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் கூடியிருந்தார்கள். அவர் ஊன்றுகோலோடு அங்கே வந்தார். இவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும் என்று வீட்டில் இருந்தபோது நினைத்திருந்தார். இப்போது பார்த்தார். பயமும் வரவில்லை.

பெஞ்சின் நடுவில் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளை இடித்து நகரச் சொன்னாள். அவரை நிமிர்ந்து பார்க்காமலே, "உட்காருங்கண்ணே, பஸ் வர லேட்டாகும்" என்றாள்.

உட்கார்ந்தார்.